குளிர்நீர்க் குடாவைக் கடக்கும் வழி

ஓக்லி, மெல்போர்ன்
3 மே 1994

அன்புள்ள தம்பி வார்டிஸுக்கு,

உறையில் என் பெயரைப் பார்த்ததும் அடுப்பில் போட்டிருக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். ஏழு வருஷமாக நமக்குள் பேச்சு இல்லை. போன் பண்ணலாம் என்று இரண்டு தடவை எண்ணைச் சுழற்றிவிட்டு வைத்துவிட்டேன். நீயும் நானும் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே கத்த ஆரம்பித்துவிடுவோம். காகிதத்தில் அந்த அளவுக்குக் கத்த வராது.

எங்கள் தெருவில் ஸெனியா என்று ஒரு பெண் இருக்கிறாள், பள்ளிக்கூட டீச்சர். போன கோடையில் கிரீட்டுக்குப் போய்விட்டு வந்து எனக்குப் படங்கள் காட்டினாள். தெற்குக் கரையில் ஒரு வழிகாட்டி தன்னையும் இன்னும் பத்துப் பன்னிரண்டு வெளிநாட்டுக்காரர்களையும் நாள் முழுக்க நடத்தி, வழியில் ஒவ்வொரு குடாவிலும் கடலில் இறக்கி நீந்த வைத்துக் கூட்டிப்போனானாம். ஒரு டச்சுக்காரி தண்ணீரில் இறங்கும் முன் ஒரு பீச் பழத்தைத் தின்றுவிட்டாளாம். அவளை மட்டும் கரையிலேயே உட்கார வைத்துவிட்டானாம். "அவரு பேரு வார்டிஸ், அத்தே. சிரிக்கவே மாட்டாரு. ஒரு பழம் தின்னதுக்கு மூணு மணி நேரம் தண்டனை" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் காபி மடியில் கொட்டியது. சாப்பிட்டுவிட்டுக் கடலில் கால் வைத்தால் அம்மா நம்மைத் துரத்தித் துரத்தி அடிப்பாளே, அப்படியே அவள் உன் உடம்பில் புகுந்துவிட்டாள் போலிருக்கிறது. ஸெனியா போன பிறகு அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரு நடை போட்டுக் கொடு, வார்டிஸ். துறைமுகத்திலிருந்து பெலாயியா கோயில் வரை, கரையை விட்டு விலகாமல். எங்கெங்கே இறங்கி நீந்தலாம், எங்கே நிழல், எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று நீ வெளியூர்க்காரர்களுக்கு எழுதிக் கொடுப்பதுபோல எனக்கும் எழுது. எனக்கு அறுபத்தொன்று. முழங்கால் தினமும் ஏதாவது சொல்கிறது. பந்தெலிஸை வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ரத்தத்தைக் கழுவி அனுப்புகிறார்கள். கோடை முடிவில் ஒரு மாதம் அப்பாவைப் பார்த்துக்கொள்வதாக மகன் ஒப்புக்கொண்டிருக்கிறான். அவன் மனைவியையும் சேர்த்துச் சம்மதிக்க வைக்க ஒரு வருஷம் ஆயிற்று. இப்படி இன்னொரு தடவை அமையாது.

உன் அக்கா,
அந்தூசா


ஸ்கலோதி, கிரீட்
26 மே 1994

திருமதி அந்தூசா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

வியாழக்கிழமைதோறும் புறப்படுகிறோம். விடியும்போது துறைமுகத்துக் காபிக்கடையில் இருக்க வேண்டும். பிந்தி வருகிறவர்களுக்காக நிற்பதில்லை. முதல் குளியல் வெள்ளைக் கூழாங்கல் குடாவில், வெறும் வயிற்றோடு. கரையேறின பிறகு அங்கேயே ரஸ்க், தக்காளி, புதுப் பாலாடைக்கட்டி. அடுத்த குளியலுக்குள் சாப்பாடு செரிக்க வேண்டும், அதனால் அங்கிருந்து பெரிய மூக்கு முனை வரை நடையை மெதுவாக வைத்திருக்கிறேன். வடக்குக் காற்று இருக்கும் நாளில் மலை இடுக்கிலிருந்து கடலை நோக்கித் திடீர் திடீரென்று அடிக்கும். அப்படிப்பட்ட நாளில் முனைக்கு இந்தப் பக்கம் யாரையும் இறக்க மாட்டேன்.

இரண்டாவது குளியல் முன்பெல்லாம் குளிர்நீர்க் குடாவில். கூழாங்கல்லுக்கு அடியிலிருந்து மலைத்தண்ணீர் ஊறிக் கடலில் கலக்கும் இடம் அது, உங்களுக்கே தெரியும். வெயிலில் வந்தவர்கள் அங்கே குடித்து, குளித்து, மரத்தடியில் படுத்து எழுந்தால்தான் மிச்ச வழிக்குக் கால் வரும். இப்போது அங்கே கம்பி வேலி, இரும்புக் கதவு, உள்ளே ஓட்டலின் நீலக் குடைகள். நாங்கள் கதவு வரை போய்த் திரும்பி, மலையேறித் தார்ச்சாலையைப் பிடித்து, வேலியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்குகிறோம். உச்சி வெயில். ஒரு புதர்கூட நிழலுக்குக் கிடையாது. இந்தக் கதவைப் போட்டது யார் என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். இடத்தை விற்றது யார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன்.

முழங்காலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அடி தடித்த ஷூ கொண்டு வாருங்கள். கூழாங்கல்லில் செருப்பு நிற்காது.

இப்படிக்கு,
வார்டிஸ்


ஓக்லி, மெல்போர்ன்
15 ஜூன் 1994

தம்பி,

திருமதியாம், அவர்களாம். உனக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான். அந்தக் கடிதத்தைப் பந்தெலிஸிடம் வாசித்துக் காட்டினேன். "வக்கீல் நோட்டீஸா?" என்று கேட்டார்.

கேட்டால் சொல்வேன் என்கிறாயே, சொல். ஆனால் முழுசாகச் சொல். நம் ஊரில் எல்லா அப்பாக்களும் செய்ததைத்தான் நம் அப்பாவும் செய்தார். விளைகிற மேட்டு நிலம் பையனுக்கு, ஆடுகூட மேயாத கடற்கரை பெண்ணுக்கு. என் நிச்சயத்தில் சீதனத்தை வாசித்தபோது கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "மாப்ளே, இனிமே உப்பு வாங்கற செலவு மிச்சம்" என்று பெரிய மாமா பந்தெலிஸின் முதுகில் தட்டினார். நீயும் சிரித்தாய். உனக்கு அப்போது பதினாறு வயசு, சிரிக்காமல் என்ன செய்வாய். நான் தலைத்துணி இருந்தால் அதில் முகத்தை மூடியிருப்பேன், அப்படி இருந்தது எனக்கு.

அந்த ஈராக்லியோக்காரர் ஓட்டல் கட்ட இடம் கேட்டு வந்தபோது முதல் ஆளாக உனக்குத்தான் போன் பண்ணினேன். "நீ எடுத்துக்கறியா, வார்டிஸ்?" என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. "கல்லை வச்சு நான் என்ன சூப் வைக்கறதா? உன் கல்லு, உன் இஷ்டம்" என்றாய். அந்த மாதம்தான் பந்தெலிஸுக்கு முதல் அறுவை. நான் கையெழுத்துப் போட்டேன். வேலி வந்த பிறகு நீ போன் பண்ணிப் பேசிய பேச்சை ஏழு வருஷமாகச் சுமக்கிறேன். அப்பாவின் எலும்பை விற்றவள் என்றாய். நான் விற்றது அவர் எனக்குக் கொடுத்த கல்லைத்தான்.

சண்டைக்கு எழுதவில்லை. எழுத எழுத வந்துவிட்டது. அடித்து எழுதினால் உனக்குச் சந்தேகம் வரும் என்று அப்படியே விடுகிறேன்.

அந்தக் கதவு எந்நேரமும் பூட்டியேதான் இருக்குமா? ஓட்டலைப் பார்த்துக்கொள்கிற ஆள் யார்? நீ அவரிடம் பேசிப் பார்த்தாயா?

அந்தூசா


ஸ்கலோதி
10 ஜூலை 1994

அந்தூசா,

சரி, நீ என்றே எழுதுகிறேன்.

பேசிப் பார்த்தாயா என்று கேட்கிறாய். ஸ்கூலாஸ் என்று ஒரு மேனேஜர். முதல் வருஷம் நம் வீட்டில் வடித்த ராக்கிச் சாராயம் ஒரு குடத்தோடு போய்ப் பேசினேன். குடத்தை வாங்கி வைத்துக்கொண்டு, முதலாளியைக் கேட்க வேண்டும் என்றான். இரண்டாவது வருஷமும் அதையே சொன்னான். மூன்றாவது வருஷம் நான் ராக்கி கொண்டுபோகவில்லை. அவனைப் பார்த்துச் சில வார்த்தைகள் சொன்னேன். அதற்குப் பிறகு என் ஆட்கள் வேலிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தால்கூட உள்ளேயிருந்து விசில் அடிக்கிறார்கள். ஆடு விரட்டுவதுபோல.

போன வியாழக்கிழமை ஒரு ஜெர்மன் அம்மாள் அந்த மலையேற்றத்தில் மயங்கி விழுந்தாள். நானும் அவள் புருஷனுமாகத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஏறினோம். பிழைத்தாள். இந்த நடையைத் தங்கள் தாளில் அச்சடித்து ஆள் அனுப்புகிற ஏதென்ஸ் கம்பெனிக்குச் செய்தி போய்விட்டது. கரையோரமாகவே போகிற வழி இல்லையென்றால் அடுத்த வருஷம் இதை எடுத்துவிடுவோம், அக்டோபரில் முடிவு சொல்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. அந்த அம்மாள் செத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

எனக்கு ஆலிவ் தோப்பு இருக்கிறதே என்பாய். பறிக்க வருகிற கூலிக்கே எண்ணெய் சரியாகப் போகிறது. சிரித்தவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன், இப்போது சிரிப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீயே பார்த்துக்கொள். பெண்டாட்டி என்று இருந்த மரியோவும் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கிடையாது. வியாழக்கிழமை ஒரு நாள்தான் நான் மனிதர்களோடு இருக்கிறேன். அது போனால் எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

நீ விற்றதற்கு எனக்குக் கோபம் இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். பொய். கோபம் இருக்கிறது. சூப் என்று நான் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போடும்போது ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கலாமே. கரையோரம் நடக்கிறவர்களுக்கு வழி விட வேண்டும் என்று ஒரு வரி. அப்பா உன்னை நடக்கவிட்டு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போன வழிதானே அது. உனக்குத் தோன்றவேயில்லையா?

வராதே. வந்தால் வா. எல்லோரையும்போல விடியும்போது காபிக்கடைக்கு வந்து நில். அக்கா என்பதற்காக நான் யாருக்கும் காத்திருக்கப் போவதில்லை.

வார்டிஸ்


ஓக்லி
2 ஆகஸ்ட் 1994

வார்டிஸ்,

இல்லை. எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஒரு வரி எனக்குத் தோன்றவேயில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நாற்காலிக் கைப்பிடியில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். உன் கடிதம் வந்ததிலிருந்து பாத்திரம் தேய்க்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்த வரியைத்தான் மனசுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். கேட்டிருந்தால் அந்த மனிதர் அன்றைக்குச் சரியென்றிருப்பார். அவருக்கு இடம் அவ்வளவு அவசரமாக வேண்டியிருந்தது. நீ என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். அதில் ஒரு சொல்கூட அதிகமில்லை.

டிக்கெட் வாங்கியாகிவிட்டது. வராதே என்றாலும் வருவேன். சிலுவைத் திருநாளுக்கு முந்தின நாள், செப்டம்பர் பதிமூன்றாம் தேதி, ஹானியாவில் இறங்குகிறேன். அதற்கு அடுத்த வியாழக்கிழமை காபிக்கடையில் நிற்பேன். நடையை நீ எப்படி வேண்டுமானாலும் போடு. மலையேறச் சொன்னால் ஏறுகிறேன்.

அந்தூசா


ஸ்கலோதி
25 ஆகஸ்ட் 1994

அக்கா,

ஜூலையில் எழுதியதைத் திரும்ப வாங்க முடிந்தால் வாங்கிவிடுவேன். உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன், வேர்வையில் எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. வராதே என்று யாராவது சொந்த அக்காவுக்கு எழுதுவார்களா? இந்த வீட்டில் தனியாகப் பேசிப் பேசி எனக்கு வாய் கெட்டுப்போயிருக்கிறது.

உன்னை அந்த மலையேற்றத்தில் ஏற்ற மாட்டேன். உன் முழங்காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு வாரமாக யோசித்தேன். போன சனிக்கிழமை பெரிய மூக்கு முனையில் உட்கார்ந்து வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. அவன் கரைக்குத்தான் வேலி போட்டிருக்கிறான். கடலுக்குப் போடவில்லை. ஏழு வருஷமாக ஒரு முட்டாள் அந்த மலையில் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

ஆகவே உனக்கான நடை இப்படி. வெள்ளைக் கூழாங்கல் குடாவில் குளிக்க வேண்டாம், கால் மட்டும் நனைத்துக்கொள். சாப்பாடும் அங்கே கிடையாது. நீ எத்தனை கெஞ்சினாலும் ஒரு திராட்சைகூடக் கொடுக்க மாட்டேன். பெரிய மூக்கு முனைக்கு வெயில் ஏறும் முன் போய்விடுவோம். துணி, ஷூ, சாப்பாடு எல்லாவற்றையும் அங்கே மீன்காரன் ஸீஃபிஸின் படகில் போட்டுவிடுவோம். பாறையிலிருந்து தண்ணீரில் இறங்கி, குளிர்நீர்க் குடாவின் வாயைக் குறுக்காக நீந்திக் கடந்து, அந்தப் பக்கம் கழுதைப் பாறையில் ஏறுவோம். கோயில் வாசலிலிருந்து நம் பழைய பேக்கரி வரை இருக்கும், அவ்வளவுதான் தூரம். நடுவில் வரும்போது அடியிலிருந்து ஊறுகிற குளிர்ந்த தண்ணீர் வயிற்றில் படும். அதை யாரும் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. களைத்தால் படகைப் பிடித்துக்கொள். படகு உன் பக்கத்திலேயே வரும். நானும்தான்.

வருகிற வியாழன், செப்டம்பர் முதல் தேதி, இதை என் கூட்டத்தை வைத்து ஒரு தடவை நீந்திப் பார்த்துவிடப் போகிறேன். அவர்கள் கடந்துவிட்டால் நீயும் கடந்துவிடுவாய். இதைச் சொன்னால் ஏதென்ஸ்காரர்களும் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். கரையோர வழி திரும்பவும் முழுசாகிவிட்டது, அக்கா. உனக்காக யோசிக்கப்போய்த்தான் எனக்கு இது கிடைத்தது.

காபிக்கடைக்கு வர வேண்டாம். திருநாளுக்கு முந்தின நாள் ஹானியாவுக்கே வந்து உன்னைக் கூட்டிக்கொள்கிறேன்.

உன் தம்பி,
வார்டிஸ்


ஹானியா, பஸ் நிலையம்
2 செப்டம்பர் 1994

வார்டிஸ்,

நாளை விமானம் ஏறுகிறேன். ஏறும் முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீ எனக்கு எழுத வேண்டியதில்லை.

சிலுவைத் திருநாளுக்கு வருகிறேன் என்று உனக்கு எழுதியது பொய். என் டிக்கெட் ஆகஸ்ட் கடைசிக்கு. நீ எதிர்பார்க்காத நேரத்தில் உன் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உன் ஜூலைக் கடிதம் வந்த அன்றைக்கே ஈராக்லியோவில் இருக்கிற ஓட்டல் முதலாளிக்குப் போன் பண்ணினேன். அவருக்கு வயசாகிவிட்டது, என்னை ஞாபகம் வைத்திருந்தார். மூன்று தடவை பேசின பிறகு இறங்கி வந்தார். வியாழக்கிழமை காலைகளில் மட்டும் உன் ஆட்களுக்குக் கதவைத் திறந்துவிடலாம், முதல் நாள் வம்பு வழக்கு இல்லாமல் நடந்தால் எழுத்திலேயே கொடுத்துவிடுகிறேன் என்றார். நான் விட்ட அந்த ஒரு வரியை எப்படியாவது வாங்கிவிட்டேன் என்று இருந்தது எனக்கு.

புதன்கிழமை மாலை ஓட்டல் படகில் வந்து அங்கேயே தங்கினேன். நான் உன் வீட்டுக்கு வந்திருந்தால் உனக்குத் தெரிந்துபோயிருக்கும். விடிந்ததும் ஸ்கூலாஸோடு கதவருகே போய்விட்டேன். அவரே சாவியைப் போட்டுத் திறந்தார். வருகிறவர்களுக்காக மரத்தடியில் மேஜை போட்டு எலுமிச்சைச் சாறு வைக்கச் சொல்லியிருந்தேன். நீ கதவு வரை நடந்து வருவாய், அது திறந்திருக்கும், உள்ளே நான் நிற்பேன். இதை நினைத்து நினைத்துத்தான் விமானத்தில் அத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பாதையில் யாரும் வரவில்லை. கடலில்தான் தலைகள் தெரிந்தன. முன்னால் நீ. நீந்துகிற விதத்திலேயே தெரிந்துகொண்டேன். நான் தண்ணீர் ஓரத்துக்கு ஓடினேன், தொப்பியைக் கழற்றி ஆட்டினேன், உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ நின்றாய். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு இரண்டு கையையும் தண்ணீருக்கு மேலே தூக்கி, பத்து விரலையும் விரித்து என் முகத்துக்கு நேராக நீட்டினாய்.

உன் பின்னால் வந்தவர்கள் அதை ஊர் வணக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. எல்லோரும் சிரித்துக்கொண்டே எனக்குக் கையை விரித்துக் காட்டினார்கள். நாசமாய்ப் போ என்று நம் ஊரில் கழுதைத் திருடனுக்குக்கூட அதை ஒரு கையால்தான் காட்டுவார்கள்.

"இவங்களுக்காகவா அம்மா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று ஸ்கூலாஸ் கேட்டார். கதவைச் சாத்திப் பூட்டினார். மத்தியானப் படகில் கிளம்பி வந்துவிட்டேன்.

விற்றது தப்புத்தான். அதற்கு இவ்வளவா?

அந்தூசா


ஸ்கலோதி
12 செப்டம்பர் 1994

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். இதை எழுதாமல் என்னால் இருக்க முடியாது. வீட்டுக்குப் போனதும் முதலில் நான் ஆகஸ்ட் இருபத்தைந்தில் போட்ட கடிதத்தைத் தேடி எடுத்துப் படி. நீ கிளம்பின பிறகுதான் அது வந்து சேர்ந்திருக்கும். அதைப் படிக்காமல் இதைப் படிக்காதே.

எனக்கு நீ என்று தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கண்ணாடி இல்லாமல் எனக்கு என் காலே தெரிவதில்லை, கண்ணாடி ஸீஃபிஸின் படகில் இருந்தது. ஓட்டல் கரையில் ஒரு பெண்பிள்ளை ஓடி வந்து எதையோ ஆட்டிக் கத்துவதுதான் தெரிந்தது. விசில் அடித்து அடித்துச் சலித்துவிட்டது, இப்போது கடலிலிருந்தும் விரட்டுகிறார்கள் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்துக் கோபமும் கைக்கு வந்துவிட்டது. என் அக்கா மெல்போர்னில் துணி மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் அந்த நிமிஷம்கூட நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னைக் கூட்டிப்போவதற்காகத்தான் அந்த வழியையே நீந்திப் பார்த்தேன்.

கழுதைப் பாறையில் ஏறின பிறகு நானும் சிரித்தேன், அக்கா. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கூட வந்த டச்சுக்காரர்கள் அது என்ன வணக்கம் என்று கேட்டார்கள், நான் சிரித்துக்கொண்டே விளக்கிச் சொன்னேன், எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். அந்த நேரத்தில் நீ ஓட்டல் அறையில் பெட்டியை மூடிக்கொண்டிருந்திருப்பாய்.

உன் கடிதம் வந்த அன்றே ஹானியாவுக்கு ஓடினேன். நீ போய்விட்டாய் என்று தெரியும். தெரிந்தும் பஸ் நிலையத்துக் காபிக்கடையில் போய், இப்படி ஒரு அம்மா இங்கே உட்கார்ந்து கடிதம் எழுதினார்களா என்று கேட்டேன். பையன் ஒரு மேஜையைக் காட்டினான். அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஸ்கூலாஸிடமும் போனேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். "அது எங்க அக்கா. தப்பு என்னோடது, அவங்களோடது இல்ல. கதவைத் தொறக்க வேண்டாம், அவங்களைப் பத்தி முதலாளிகிட்ட தப்பா மட்டும் சொல்லிடாதீங்க" என்றேன். ஏற்கனவே சொல்லியாகிவிட்டது என்றான். கதவுக்குப் பதிலாகச் சுவர் எழுப்பச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறதாம். காட்டினான். அவன் பேச்சில் கேலி இல்லை. முதல் தடவையாக எனக்கு ஒரு காபி கொடுத்தான்.

போன் பண்ணினேன். அத்தான் எடுத்தார். அவள் வர மாட்டேன் என்கிறாள், வார்டிஸ், கொஞ்ச நாள் போகட்டும் என்றார். அவர் குரல் ரொம்ப இளைத்துவிட்டது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாக எழுதியிருக்கிறாய். கண்ணாடி இல்லாவிட்டாலும் நீ விடாமல் ஏதோ கத்திக்கொண்டே இருந்தாய் என்பது எனக்குத் தெரிந்தது. காதில் தண்ணீர், ஒன்றும் கேட்கவில்லை. வேறு என்ன சொன்னாய்?

வார்டிஸ்


ஓக்லி
6 அக்டோபர் 1994

தம்பி,

இரண்டு கடிதங்களையும் நீ சொன்ன வரிசையிலேயே படித்தேன். ஆகஸ்ட் கடிதம் ரொட்டிக் கூடையில் கிடந்தது. உன் கடிதம் என்று மகன் தனியாக எடுத்து வைத்திருக்கிறான், பாவம்.

உன்மேல் இப்போது கோபம் இல்லை. கோபம் இருந்தபோது கொஞ்சம் சுலபமாக இருந்தது. நான் காபிக்கடையில் வந்து நின்றிருந்தால் போதும், எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். நீ என்னை அங்கேதான் நிற்கச் சொன்னாய். உன்னை அசத்துகிறேன் என்று கிளம்பி நானே கெடுத்தேன். நீயும் சும்மா இருக்கவில்லை, ஜூலையில் கொட்டியதை ஒரு மாதம் கழித்து அள்ள வந்தாய். நாம் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நீ கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன், நான் திரும்ப வர மாட்டேன். பந்தெலிஸை இனி ஒரு வாரம்கூட விட்டுவிட்டு வர முடியாது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவர் காலம் முடிந்த பிறகு என் கால் எந்த நிலையில் இருக்குமோ. நீ இங்கே வருவாயா என்றும் கேட்க மாட்டேன். தோப்பையும் வியாழக்கிழமையையும் விட்டு நீ ஹானியாவைத் தாண்ட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இதை எழுதும்போது இல்லை என்று நீ மறுக்க வேண்டும் என்று ஆசையாகத்தான் இருக்கிறது.

உனக்கு ஒன்று தெரியாது. முதல் கடிதம் போட்ட வாரத்திலிருந்து தினமும் காலையில் இங்கே நகராட்சிக் குளத்தில் நீந்தப் பழகினேன். பிள்ளைகளின் வகுப்புக்கு முன்னால், கிழவிகளுக்கென்று ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பேக்கரி வரை என்ன, துறைமுகம் வரைக்கும் நீந்தியிருப்பேன். படகைப் பிடித்திருக்க மாட்டேன். நீ பக்கத்தில் வந்தால் மட்டும் போதும் என்றிருப்பேன்.

ஏதென்ஸ்காரர்கள் ஒத்துக்கொண்டால் அந்த வழியிலேயே ஆட்களைக் கூட்டிப்போ. நல்ல வழிதான், கரையிலிருந்து பார்த்தவள் சொல்கிறேன். வரிசையாக, அழகாகத்தான் நீந்திக்கொண்டு போனீர்கள். வயிற்றைக் காயப்போட்டே கூட்டிப்போ, பீச் பழம் தின்றவர்களைக் கரையில் உட்கார வை. கண்ணாடியை மட்டும் ஒரு கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்.

என்ன கத்தினேன் என்று கேட்டாய். பெயரைத் தவிர வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னேன்.

"கதவு தொறந்திருக்குடா. நடந்தே வா."

அக்கா